நம் வீடு குழு: நிலாவின் 33550336

சித்தி: நிலா ஒரு பெரிய எண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நாளைக் காலை கொடுக்கணுமாம். இப்போதுதான் சொல்கிறாள். 33550363ஐ எடுத்திருக்கிறாள். யாருக்காவது தெரியுமா?

மாமா: போன் நம்பரா?

அத்தை: ராத்திரி ஒன்பது மணிக்கா சொல்வது

சித்தி: அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்

சித்தப்பா: நான் என்ன செய்தேன்

பெரியப்பா: கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. 33550336 என்று இருக்கணும். ஐந்தாவது நிறைவெண். தன்னைத் தவிர்த்த வகுஎண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் வரும். 6க்கு 1+2+3. அப்புறம் 28, 496, 8128. அதற்கடுத்தது இதுதான்.

பாட்டி: நாளைக்கு எனக்குக் கண் பார்க்கப் போகணும். யார் வருகிறீர்கள்?

மாமா: காலையிலா மாலையிலா

சித்தி: 63 என்று முடிந்தால் என்ன?

பெரியப்பா: ஒற்றைப்படை ஆகிவிடுமே அம்மா. ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.

அத்தை: அண்ணா, அவளுக்கு ஒரு பக்கம் போதும்

பெரியப்பா: இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே 4096 வரை போனால் 13 எண்கள். கூட்டினால் 8191. அது பகா எண். அதிலிருந்து மறுபடி 8191, 16382 என்று இரட்டித்தால் 16775168 வரை 12 எண்கள். ஆக 25 வகுஎண்கள். அத்தனையையும் கூட்டு, 33550336 வரும். நிலா தன் கையால் கூட்டிப் பார்க்கணும், கால்குலேட்டர் வேண்டாம்.

சித்தப்பா: அண்ணா, 25 எண்ணையுமா

பெரியப்பா: நீ என் லாக் டேபிளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இன்னும் நிறையச் சொல்லித் தந்திருப்பேன்

சித்தப்பா: இருபது வருஷமாக இதே கதை

அத்தை: அது என்னிடம் இருக்கிறது

பெரியப்பா: என்ன?

மாமா: கண் டாக்டர் எத்தனை மணிக்கு

சித்தி: நிலா கேட்கிறாள், இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது, சரியா?

பெரியப்பா: அடடா, நான் கூட்டிப் பார்க்கவே இல்லை! 3+3+5+5+0+3+3+6. ஆமாம், 28. அதுவும் நிறைவெண்தானே! அதை முதல் வரியாக எழுதச் சொல். 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண்தான் வரும், ஆகவே முக்கோண எண். இரும முறையில் 13 ஒன்று, பின்னால் 12 சுழி. வரிசையாக எழுதினால் பார்க்கவே அழகு.

சித்தி: சார்ட்டிலா, நோட்டிலா?

அத்தை: சார்ட்

சித்தப்பா: நோட்டு போதும்

பாட்டி: யாராவது வருகிறீர்களா இல்லையா

மாமா: நான் வரப் பார்க்கிறேன்

சித்தி: நிலா கேட்கிறாள், அடுத்தது எது?

பெரியப்பா: 8589869056. பத்து இலக்கம். அதைக் காலையில் பேசலாம், இப்போது தூங்கச் சொல்.

பெரியப்பா: தங்கச்சி, லாக் டேபிள் எந்த அலமாரியில்?