பழைய ஜிபிஎஸ் டைமிங் ரிசீவர் சாட்டிலைட் பிடிக்கவில்லையா? மலையில் எங்கள் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:

"போன வாரம் வரை ஓடியது, இப்போது ஒரு சாட்டிலைட்கூடக் காட்டவில்லை, பெட்டி போய்விட்டதா?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பெட்டி போவது அபூர்வம். நம் மலையில் முதலில் போவது ஆன்டெனாவும் கேபிளும்தான்.

என்னிடம் இருப்பது செல்போன் டவரில் கழித்துவிட்ட ரிசீவர், ரிச்சி தெருவில் வாங்கியது. நொடிக்கு ஒரு துடிப்பும், கூடவே சுத்தமான 10 மெகாஹெர்ட்ஸும் தரும். அதை நம்பித்தான் கியூஓ-100 என்ற அமெச்சூர் ரேடியோ சாட்டிலைட் வழியாகப் பேசுகிறேன். அந்தச் சாட்டிலைட் கீழே அனுப்புவது 10,489 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். அங்கே பத்துக் கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 100 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும், எதிரே பேசுபவரின் குரலே மாறிப் போகும். அதனால் இந்தப் பெட்டி நின்றால் எனக்கு எல்லாமே நின்ற மாதிரி.

ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது. முதலில் சிக்னல் எண்கள் மெதுவாக இறங்கின. வெயில் அடித்தால் கொஞ்சம் ஏறும், பனி இறங்கினால் விழும், கடைசியில் ஒன்றுமே இல்லை. இதில் ஒரு சங்கடம், பெட்டி உடனே காட்டிக்கொடுக்காது. சாட்டிலைட் போனாலும் உள்ளே சூடாக வைத்திருக்கும் கிரிஸ்டல் மணிக்கணக்கில் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், துடிப்பும் வந்துகொண்டே இருக்கும். விளக்கைப் பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது.

"மூடுபனி அல்லவா, அதுதான் சிக்னல் இல்லை" என்று பக்கத்தில் சொன்னார்கள். அது தவறு. ஜிபிஎஸ் வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில், அதைப் பனியும் மேகமும் ஒன்றும் செய்யாது. நனைந்த மரக்கிளை தடுக்கும், ஆன்டெனாவுக்குள் புகுந்த தண்ணீர் தடுக்கும், அவ்வளவுதான். பழைய ரிசீவருக்குப் புதிய சாட்டிலைட் கேட்காது என்பதும் சரியில்லை. 1978-இல் முதல் சாட்டிலைட் போனதிலிருந்து இந்தப் பழைய சிக்னல் இன்றும் அதே அலைவரிசையில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, செய்தது என்னவென்றால், முதலில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஆன்டெனா பக்கத்திலேயே வைத்தேன். ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் எண்ணையும் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும், ஆனால் அதில் ஜிபிஎஸ் வரிசையை மட்டும் பாருங்கள், மற்ற நாடுகளின் சாட்டிலைட்டையும் சேர்த்துக் காட்டிப் போன் நம்மை ஏமாற்றிவிடும். 35, 40 என்று நன்றாகவே வந்தது. வானம் சரி. அடுத்து ரிசீவரின் ஆன்டெனா சாக்கெட்டில் மல்டிமீட்டர்: என் பெட்டி 5 வோல்ட் கொடுக்க வேண்டும், கொடுத்தது. (சில மாடல்களுக்கு வேறு வோல்ட் வேண்டும். அது தெரியாமல் ஆன்டெனாவை மாற்றிப் போடாதீர்கள்.) கேபிளின் மறுமுனையிலும் 5 வோல்ட் குறையாமல் இருந்தது. ஆன்டெனா இழுக்கும் மின்னோட்டமும் இருபது சொச்சம் மில்லிஆம்பியர், வழக்கம்போலத்தான். பலரும் இந்த இடத்தில் "கேபிள் நல்லாயிருக்கு, அப்போ பெட்டிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினாலும் 5 வோல்ட் ஜம்மென்று போய்ச் சேரும்; 1.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல்தான் வழியிலேயே கரைந்துபோகும். மல்டிமீட்டருக்கு அது தெரியாது.

ஆன்டெனாவின் அடியில் இருந்த எஃப் கனெக்டரைக் கழற்றினேன். நடுக்கம்பியின் மேல் பச்சைக் களிம்பு. மேலுறையைக் கத்தியால் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிப் பார்த்தால், பளபளவென்று இருக்க வேண்டிய வலைப்பின்னல் கறுத்துப்போய், விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது. இன்னொரு சாண் கீறினேன், அங்கேயும் கறுப்புதான். தண்ணீர் அந்த வலை வழியாகவே கீழே இறங்கியிருக்கிறது. ஆன்டெனா அடித்தட்டில் ஊசித்துளை மாதிரி ஒரு வடிகால் உண்டு, அதைப் பூச்சி மண் வைத்து அடைத்திருந்தது. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும், இரவுக் குளிரில் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் வடிய வழியில்லை. நம் ஊரில் ஆன்டெனா கெடுவதே இப்படித்தான்.

கேபிளை முழுசாகவே மாற்றிவிட்டேன். கேபிள் டிவிக்காரரிடம் கிடைக்கும் ஆர்ஜி-6 தாராளமாகப் போதும். 75 ஓம் கேபிள் ஆயிற்றே, பெட்டியோடு ஒத்துப்போகாதே என்று யோசிக்க வேண்டாம், இந்த நீளத்துக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. கனெக்டர் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டேன், மழைநீர் அதிலேயே சொட்டிவிடும். எண்கள் உடனே ஏறின. எந்தச் சாட்டிலைட் எங்கே ஓடுகிறது என்று சொல்லும் பட்டியல், அதாவது அல்மனாக், முழுசாக இறங்க 12.5 நிமிடம் ஆகும், அதற்குள் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, கேபிள் விஷயம் நூற்றுக்கு நூறு. என் அனுபவம் வேறு மாதிரி. ஆன்டெனா, கேபிள் எல்லாம் புதுசு, ஆனாலும் பெட்டி வானத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. நினைவில் பழைய ஊரின் இடமும் பழைய தேதியும் பழைய அல்மனாக்கும் அப்படியே இருந்ததுதான் காரணம். அந்தக் கணக்கை வைத்து இப்போது தலைக்கு மேலே இல்லாத சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நினைவை அழித்து கோல்டு ஸ்டார்ட் கொடுத்து, ஒரு இரவு முழுக்கத் தொடாமல் விட்டேன், காலையில் பிடித்திருந்தது.

தேதிப் பிரச்சினையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜிபிஎஸ் வாரத்தை எண்ணுவது 1024 வரைதான், பிறகு பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. பல ரிசீவர்கள் தங்கள் சாஃப்ட்வேர் கணக்குப்படி வேறு நாளில் திரும்பும். தண்டர்போல்ட் என்ற டைமிங் ரிசீவர் 2017 ஜூலை 30 அன்று திரும்பி 1997 டிசம்பர் 14 என்று காட்ட ஆரம்பித்தது. ஆனால் அதன் 10 மெகாஹெர்ட்ஸும் துடிப்பும் கெடவில்லை. இந்தப் பெட்டியைக் கணினியில் கவனிக்கும் லேடி ஹெதர் மென்பொருளில் அந்த 1024 வாரத்தைக் கூட்டிக் காட்ட வசதி உண்டு. தேதி மட்டும் தப்பு என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, சிக்னல் மாலை ஏழு மணிக்கு மேல் விழுந்து நள்ளிரவுக்குப் பிறகு தானாகவே வந்தால் எதையும் கழற்றாதீர்கள். காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்திலேயே போகிறது, சூரியப் புள்ளிகள் அதிகமான வருடங்களில் மார்ச், செப்டம்பர் ஒட்டி வானத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் இரவில் கலங்கும், அதைத் தாண்டி வரும் சிக்னலும் தடுமாறும்.

குன்னூரிலிருந்து:

சார், எனக்கு வீடு சரிவில் இருக்கிறது, வடக்குப் பக்கம் முழுக்க மலை மறைக்கிறது. தெற்கே சில்வர் ஓக் மரங்கள். ஆன்டெனாவை எங்கே வைப்பது?

கோத்தகிரியிலிருந்து:

வடக்கே மலை மறைப்பதற்குக் கவலைப்படாதீர்கள் தம்பி. ஜிபிஎஸ் பாதைகள் 55 டிகிரி சாய்வில் ஓடுகின்றன, நம் 11 டிகிரி அட்சத்திலிருந்து பார்த்தால் நேர் வடக்கில் சுமார் 35 டிகிரி உயரத்துக்குக் கீழே சாட்டிலைட்டே வராது. தெற்கே அப்படி இல்லை, ஏறக்குறைய 10 டிகிரி வரை இறங்கி வரும். அதனால் உங்களுக்கு இடைஞ்சல் அந்த சில்வர் ஓக்தான், அதுவும் மழையில் நனைந்த இலை. மரத்தை வெட்ட வேண்டாம், ஆன்டெனாவை மாடியின் வடக்கு ஓரத்துக்குத் தள்ளி, குழாயில் உயர்த்தி வையுங்கள். இடம் ஒருமுறை சரியாகப் பதிவாகிவிட்டால் அப்புறம் நேரம் காட்ட ஒரே ஒரு சாட்டிலைட் இருந்தாலும் போதும். பக்கத்து வீட்டில் டிவி பூஸ்டர் இருந்தால் அதையும் ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். 2001-இல் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் போனதற்கு அப்படிப்பட்ட பூஸ்டர்கள்தான் காரணம். போன் செயலி காட்டும் சிக்னல் எண்களை மாடியிலேயே நின்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.