புதுப்பிப்பு: சீலியாக் உள்ளவர்கள் டெரியாக்கி சிக்கன் சாப்பிடலாமா?

சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ள என் தங்கை டெரியாக்கி சிக்கன் (இனிப்பான சோயா சாஸில் செய்யும் ஜப்பானியக் கோழிக்கறி) சாப்பிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட்டில் செய்தால் சாப்பிடலாம். சாதாரண பாட்டில் சாஸ் வேண்டவே வேண்டாம்.

சிக்கல் கோழியில் இல்லை, சோயா சாஸில்தான். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறக்குறைய சரிபாதி. நொதிக்கும்போது குளூட்டன் போய்விடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். புரதம் துண்டு துண்டாக உடையும், அவ்வளவுதான். அந்தத் துண்டுகளும் குடலைப் பாதிக்கலாம். வழக்கமான பரிசோதனைகளில் அவை சரியாகப் பிடிபடுவதும் இல்லை. அதனால் அந்தச் சமாதானத்தை நம்பி என் தங்கைக்குத் தர மாட்டேன்.

மாற்று, தமாரி என்ற ஜப்பானிய சோயா சாஸ். பெரும்பாலும் சோயாவிலேயே செய்வது. ஆனால் சில வகைகளில் கொஞ்சம் கோதுமை சேர்ப்பார்கள். ஆகவே 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். அப்படி அச்சிட குளூட்டனுக்கான சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்த சாஸில் சேர்க்கும் மிரின் என்ற இனிப்பு மது அரிசியில் செய்வதுதான், இருந்தாலும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் செய்முறை. தொடைக்கறியைத் தோல் கீழே இருக்கும்படி சிவக்க வாட்டி, வழிந்த கொழுப்பைத் துடைத்துவிட்டு, தமாரி, மிரின், சாகே (ஜப்பானிய அரிசி மது) மூன்றும் சம அளவு, கொஞ்சம் சர்க்கரை. குமிழ்கள் பெரிதாகி, சாஸ் கறிமேல் பளபளவென்று ஒட்டும்போது இறக்கிவிடலாம். மாவே வேண்டாம்.

ஹோட்டலில் தமாரி இருக்கிறது என்றாலும், அதே இரும்புக் கல்லில் கோதுமை நூடுல்ஸ் வறுக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.