கே.ஆர்.பி. அணைத் திட்டில் ஆற்று ஆலாக்கள்: நாங்கள் இறங்கியதால்தான் கூடுகளைக் கைவிட்டனவா?

பெண்ணைக்கரை ஆசிரியை (கிருஷ்ணகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பங்குனிக் கடைசியில் தென்பெண்ணை ஆற்றின் கே.ஆர்.பி. அணையில் நீர் இறங்கியதும் நடுவில் தலைகாட்டிய மணல்திட்டு ஒன்றில் ஆற்று ஆலாக்கள் (River Tern எனும் நீர்ப்பறவைகள்) கூட்டமாக அமர்ந்திருப்பதைக் கரையிலிருந்து கண்டேன். மஞ்சள் அலகும், கருந்தலையும், கவைத்த வாலும் தெளிவாகத் தெரிந்ததால் அடையாளத்தில் ஐயமில்லை. சித்திரை முதல் வாரத்தில், மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவரின் பரிசலில் நானும் சக ஆசிரியர் ஒருவரும் அங்கே சென்று இறங்கினோம். அப்போது காலை பதினொன்றரை மணி இருக்கும். மணலில் சிறு குழிகளாகப் பறித்த ஒன்பது கூடுகள் இருந்தன. சிலவற்றில் இரண்டு முட்டைகளும் சிலவற்றில் மூன்றும் கிடந்தன. பறவைகள் தலைக்கு மேலே கத்தியபடி பாய்ந்து பாய்ந்து வந்தன. நாங்கள் எதையும் தொடவில்லை. எண்ணிக் குறித்து, படமெடுத்துக்கொண்டு திரும்ப இருபது நிமிடம் ஆயிற்று.

பத்து நாள் கழித்துக் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தபோது திட்டில் ஒரு பறவைகூட இல்லை. அன்றிலிருந்து மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முட்டையைத் தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடற்பறவைக் குடியிருப்புகளில் மனித நடமாட்டம் கேடு செய்யும் என்று படித்திருக்கிறேன். அது நம் ஊர் அணைப் பறவைக்கும் பொருந்துமா? அடுத்த கோடையில் மாணவர்களை அழைத்துச் செல்லும் எண்ணமும் இருந்தது. அதைக் கைவிட வேண்டுமா?

கடலாலா (ஓசூர்) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் இராமநாதபுரம் கடற்கரையில் வேலை பார்த்தபோது ஆலாக்களைக் கவனித்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொட்டீர்களா இல்லையா என்பது இங்கே பெரிய செய்தியன்று. அந்த இருபது நிமிடமும் தாய்ப்பறவைகள் முட்டைகளின் மேல் இல்லை என்பதே முதன்மையானது.

அடைகாத்தல் என்றவுடன் முட்டைக்குச் சூடு கொடுப்பதையே நாம் நினைக்கிறோம். வெட்டவெளி மணலில் முட்டையிடும் பறவைகளுக்குக் கோடை நண்பகலில் வேலை நேர்மாறானது; அவை முட்டைக்கு நிழல் தருகின்றன. கரு வளர்வதற்கு ஏற்ற வெப்பம் 37, 38 பாகை செல்சியஸை ஒட்டியது. சித்திரை வெயிலில் நம் மாவட்டத்துத் திறந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டிவிடும். ஆலாக்களும் ஆட்காட்டிகளும் நீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் அமர்வதைப் பொறுமையாகப் பார்த்தால் நீங்களே காணலாம். அவ்வளவு பாடுபட்டுக் காக்கும் முட்டை, பதினொன்றரை மணி வெயிலில் இருபது நிமிடம் திறந்து கிடப்பது மிக நீண்ட நேரம். இதே வருகை காலை ஆறு மணிக்கு நிகழ்ந்திருந்தால் வெயிலால் வரும் கேடு வெகுவாகக் குறைந்திருக்கும்.

வெயிலை அடுத்தது காகமும் பருந்தும். ஆலாக்கள் கூட்டமாகக் கூடு வைப்பதே எதிரியைச் சேர்ந்து துரத்துவதற்காகத்தான். அந்தக் கூட்டம் முழுவதும் உங்களைத் துரத்திக்கொண்டிருக்கும்போது திட்டின் மறுமுனையில் இறங்கும் காகத்தைக் கவனிக்க ஆளில்லை. குஞ்சு பொரித்த பின்னர் இன்னொரு கேடும் சேர்கிறது. மனிதரைக் கண்டு சிதறி ஓடும் குஞ்சு அடுத்த கூட்டின் எல்லைக்குள் புகுந்தால், அங்குள்ள பறவை அதைக் கொத்தியே கொன்றுவிடக்கூடும். கடற்பறவைக் குடியிருப்புகளில் இது நன்கு அறியப்பட்ட இழப்பு.

பொருந்துமா என்று கேட்டீர்கள். ஆற்று ஆலா உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்வது என்றாலும் கடல் ஆலாக்களின் நெருங்கிய உறவு; தரையில் முட்டையிடுவதும், கூட்டமாக எழும்புவதும் ஒன்றேதான். ஒரு வேறுபாடு ஆற்று ஆலாவுக்குப் பாதகமானது. லட்சத்தீவின் பிட்டித் திட்டு போன்ற ஆளில்லாத இடங்கள் கடல் ஆலாக்களுக்கு இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. நம் அணையிலோ நீர் வற்ற வற்றத் திட்டு கரையோடு சேர்ந்து, நாயும் ஆடும் நடந்தே போய்விடலாம்.

ஒரே ஒரு தொந்தரவில் குடியிருப்பு முழுவதும் கலைந்துபோவதும் உண்டு. 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்காவில் கூட்டமாக முட்டையிட்டிருந்த ஆலாக்களின் நடுவே ஒரு டிரோன் விழுந்தது. ஏறத்தாழ 3,000 பறவைகள் பறந்துபோய்விட்டன; 1,500க்கும் மேற்பட்ட முட்டைகள் அப்படியே மணலில் கிடந்தன.

ஆனால் உங்கள் திட்டில் நடந்ததற்கு நீங்களே காரணம் என்று இவ்வளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தப் பத்து நாளில் அணையின் நீர்மட்டம் ஏறியதா என்று பாருங்கள். மேலே உள்ள கெலவரப்பள்ளி அணையில் திறந்துவிட்டாலோ, மேலே பெங்களூருப் பக்கம் கோடைமழை பெய்தாலோ தென்பெண்ணையில் நீர் வரும். ஒரு முழ உயரம் போதும், தாழ்வான திட்டு மூழ்கிவிடும். பறவைகள் திரும்பவில்லை என்பது உறுதியானால் மட்டும், படமெடுத்துக்கொடுக்கும்படி பரிசல்காரரிடம் கேளுங்கள். கூளமும் நுரையும் ஒரே கோடாக ஒதுங்கியிருந்தால் வெள்ளம், நாய்த்தடம் இருந்தால் நாய், முட்டைகள் முழுதாகவே கிடந்தால் கைவிடப்பட்டவை.

நாகமரை (பென்னாகரம்) எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு மீன்பிடிப்பவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். மேட்டூர் அணையின் நீர் தேங்கும் எங்கள் பகுதியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறது. வலை எடுக்கத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், திட்டை ஒட்டியே போவோம். அடைகாக்கும் ஆலா தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும், எழும்பாது. அதே பரிசலில் புதிதாக ஒருவரை ஏற்றிக்கொண்டு திட்டை நோக்கி நேராகத் திருப்பினால், வெகுதூரத்திலேயே ஒன்று எழும்பும், பின்னாலேயே அத்தனையும் எழும்பும். கடந்து போகிறவனையும் தன்னைத் தேடி வருகிறவனையும் அது பிரித்தறிகிறது. எனவே மனிதரே ஆகாது என்று கோடு போடுவதைவிட, திட்டில் இறங்குவதையும் ஆடு மேய்ப்பதையும் நாய் போவதையும் அவை கூடு வைக்கும் அந்த இரண்டு மாதம் தடுத்தாலே போதும் என்பது என் கருத்து. அதற்கு நல்ல காவலர்கள் பரிசல்காரர்களே. சம்பல் ஆற்றங்கரையில் ஊர்க்காரர்களையே கூடுகளுக்குக் காவலாக வைத்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் அலகு நீண்ட ஸ்கிம்மர் பறவையைக் காக்கிறார்கள் என்று படித்தேன். இங்கேயும் அது முடியும்.

கடலாலா (ஓசூர்) எழுதியது:

நாகமரை ஐயா சொல்வது மிகச் சரி. இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் நடைபாதையின் ஓரத்திலேயே ஆலாக்கள் முட்டையிடுகின்றன. பாதையை விட்டு இறங்காத மனிதரை அவை சகித்துக்கொள்கின்றன, அருகில் வந்தால் தலையில் கொத்துகின்றன. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பறவை எழும்பாமல் இருப்பதாலேயே அது அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. பென்குயின்களின் இதயத்துடிப்பை அளந்தபோது, முட்டையை விட்டு அசையாமல் அமர்ந்திருந்த பறவைக்கும் மனிதர் நெருங்க நெருங்கத் துடிப்பு கூடியது தெரியவந்தது. பழகிய பரிசலுக்குக் கிடைக்கும் பொறுமை, படமெடுக்க வரும் பத்துப் பேருக்குக் கிடைக்காது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது என்பதைப் படமெடுப்பவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

பெண்ணைக்கரை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பரிசல் அண்ணனிடம் விசாரித்தேன். நாங்கள் போன மறுநாளே சில பறவைகள் திட்டில் திரும்ப அமர்ந்திருந்தன என்றும், நான்கைந்து நாள் கழித்து மேலிருந்து நீர் வந்து திட்டின் பாதி மூழ்கியது என்றும் சொன்னார். மேட்டில் இருந்த மூன்று கூடுகளின் முட்டைகள் மட்டும் மூழ்காமல் வெறுமனே கிடந்தனவாம். அந்த மூன்றும் நாங்கள் நின்று படமெடுத்த இடத்தை ஒட்டியவை. ஆறு கூடுகளுக்கு வெள்ளத்தைச் சொல்லலாம். இந்த மூன்றுக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. எடுத்த படங்களை எங்கும் பகிரப் போவதில்லை.

மாணவர்களைத் திட்டுக்கு அழைத்துச் செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கரையில் புளியமரத்து நிழலில் அமர்ந்து, பள்ளியின் இரண்டு தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு, ஒரு பறவை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வயிற்றை நனைத்து வருகிறது என்று எண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு தொலைவு போதுமானது?

நாகமரை (பென்னாகரம்) எழுதியது:

அம்மா, மீட்டர் கணக்கில் பார்க்க வேண்டாம். ஒரு பறவை கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் அதுவே எல்லை; அங்கேயே நின்று, பின்னால் பத்து அடி வந்து உட்காருங்கள். காலை ஏழு மணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், வெயில் ஏறும்போது நனைத்து வருவது தானாகவே தொடங்கும். பிள்ளைகளை வெள்ளைச் சட்டையில் கூட்டிவர வேண்டாம், தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும்.