கன்டினியூட்டி, ரீபூட், ரெட்கான்: எதற்கு எந்தச் சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் பற்றித் தமிழில் எழுதும்போது மூன்று சொற்கள் விடாமல் இடறுகின்றன. கன்டினியூட்டியைத் 'தொடர்ச்சி' என்கிறோம், புதிதாகத் தொடங்கும் ரீபூட்டை 'மறுதொடக்கம்' என்கிறோம், முன்பு வந்த கதையைப் பின்னால் மாற்றியோ சேர்த்தோ எழுதும் ரெட்கானை அப்படியே விட்டுவிடுகிறோம். முதல் இரண்டும் கூடப் பொருளைச் சரியாகத் தருவதில்லை.

சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசியைப் பற்றி ஒரு வாக்கியம் பாருங்கள்: "2011இல் டிசி தன் தொடர்ச்சியைக் கைவிட்டது." புதிதாகப் படிப்பவர் இதழ்கள் நின்றுபோயின என்றுதான் நினைப்பார். நடந்தது நேர்மாறு. ஆகஸ்ட் கடைசி நாளில் ஜஸ்டிஸ் லீக் வந்தது, செப்டம்பர் முடிவதற்குள் 52 தலைப்புகள் ஒன்றாம் எண்ணோடு வெளிவந்துவிட்டன. கைவிடப்பட்டது பழைய கதைகளோடு புதிய கதைகள் முரண்படக் கூடாது என்ற கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சொல் வேண்டும்.

மடல் 2

> அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சொல் வேண்டும்.

'தொடர்ச்சி'யே போதும் என்பது என் கருத்து. திரைப்படப் படப்பிடிப்பில் ஒரு காட்சியில் வலக்கையில் இருந்த கோப்பை அடுத்த காட்சியில் இடக்கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதையும் தொடர்ச்சி என்றுதான் சொல்கிறார்கள். பழகிய சொல் ஒன்று புதுப் பொருளையும் ஏற்றுக்கொள்ளும். 'மறுதொடக்கம்' கணினியில் நன்கு ஊன்றிவிட்ட சொல். ரீபூட் என்ற சொல்லே கணினியிலிருந்து வந்ததுதானே? புதுச்சொல் ஆக்குவதை விட இருப்பதைச் செம்மையாக்குவது நல்லது.

மடல் 3

இரண்டாம் மடலுக்கு மறுமொழி.

ஒரு கலைச்சொல் தேறுமா என்று பார்க்க அதை வினையாக்கி, பிறகு எதிர்மறையாக்கிப் பார்க்க வேண்டும். "இந்த இதழ் முந்தைய கதையோடு தொடரவில்லை" என்று எழுதினால் கதை பாதியில் நின்றது என்றுதான் பொருள் வருகிறது. நாம் சொல்ல வந்தது அதுவல்ல. கதை தொடர்கிறது, ஆனால் ஒத்துப்போகவில்லை. 'தொடரும்' என்று போட்டுவிட்டு அடுத்த இதழில் விட்ட இடத்திலிருந்து எடுப்பது ஒன்று. ஒரே அண்டத்தில் நடக்கும் நூற்றுக்கணக்கான இதழ்கள் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இருப்பது வேறொன்று. இரண்டாவதுதான் கன்டினியூட்டி.

'கதைக்கட்டு' என்று முதலில் யோசித்தேன். திருப்பிப் போட்டால் கட்டுக்கதை ஆகிவிடுகிறது. 'கதைக்கோவை' தொகுப்பு நூல் போல ஒலிக்கிறது. 'கதைப்பொருத்தம்' ஜாதகத்தை நினைவூட்டுகிறது.

என் முன்மொழிவு: இயைபு. முதல் இடத்தில் 'கதையியைபு' என்று முழுமையாக எழுதிவிட்டு, பிறகு இயைபு என்றே தொடரலாம். இதற்கு உயிருள்ள வினை இருக்கிறது: கதை இயைகிறது, இயையவில்லை. இயைபுக்கு உட்பட்ட கதை, இயைபுக்குப் புறம்பான கதை என்றும் பிரிக்கலாம். யாப்பில் இயைபுத்தொடை என்றால் அடிகளின் ஈறுகள் ஒத்துவருவது. இங்கே கதைகள் ஒத்துவருவது. துறை வேறாதலால் குழப்பம் வராது.

இயைபு உடையும் இடத்துக்கு நன்னூலிலேயே சொல் கிடைக்கிறது. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று 'மாறுகொளக் கூறல்', அதாவது முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்வது. அதைச் சுருக்கி 'மாறுகோள்' என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டில் இரண்டையும் பொருத்திப் பார்க்கிறேன்.

டோனா ட்ராய் 1965 முதல் டிசியின் இளம் சூப்பர்ஹீரோக்கள் குழுவான டீன் டைட்டன்ஸில் வொண்டர் கேர்ள். தீப்பற்றிய கட்டடத்திலிருந்து குழந்தையாக அவளைக் காப்பாற்றியவர் வொண்டர் வுமன். 1985-86இல் டிசியின் பல அண்டங்களை ஒன்றாக்கிய க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் 12 இதழ்களாக வந்தது. அதன் பிறகு 1987இல் வொண்டர் வுமன் புதிதாக, அப்போதுதான் முதன்முதலாக மனித உலகுக்கு வருபவராகத் தொடங்கப்பட்டார். டோனாவோ அதற்குள் வளர்ந்து, பல ஆண்டுகள் டைட்டன்ஸில் இருந்தவள். காப்பாற்றியவர் இன்னும் ஊருக்கே வரவில்லை, காப்பாற்றப்பட்டவள் பெரியவளாகிவிட்டாள். இது மாறுகோள். வொண்டர் வுமனைத் தொட்டவர்கள் டைட்டன்ஸ் இதழைத் தொடாமல் விட்டதால் வந்தது. அடுத்த ஆண்டே டோனாவைக் காப்பாற்றியவர்கள் கிரேக்கப் புராண டைட்டன்கள் என்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

மடல் 4

இயைபு, மாறுகோள் இரண்டுக்கும் என் வழிமொழிவு. 'மறுதொடக்கம்' பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணினியை மறுதொடக்கம் செய்தால் நினைவகம்தான் காலியாகும். வட்டில் இருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும். காமிக்ஸ் ரீபூட்டில் அழிவதே அந்தக் கோப்புகள்தான். ஆகவே உவமை தலைகீழாக இருக்கிறது. அதோடு, வேறுவேறான செயல்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டு எழுதுகிறோம். வாசகர்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இதனால் வருவது.

முதலாவது, எண் மட்டும் மாறுவது. அமேசிங் ஸ்பைடர்மேன் 1998இல் 441ஆம் இதழோடு நின்று 1999 தொடக்கத்தில் மீண்டும் 1 என்று வந்தது. பீட்டர் பார்க்கர் அதே ஆள், அவர் வாழ்க்கையில் நடந்த எதுவும் அழியவில்லை. புதிய எண்ணில் 58 இதழ்கள் வந்தபின், 441ஐயும் 58ஐயும் கூட்டினால் 499 ஆகிறது என்பதால், 2003இல் அடுத்த இதழுக்கு 500 என்று பழைய எண்ணையே போட்டார்கள். கதைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதற்கு 'மறுவெளியீடு' பொருந்தாது, பழைய இதழை மீண்டும் அச்சிட்டு விற்பதற்கு அந்தச் சொல் வேண்டும். 'புதுவரிசை' போதும்.

இரண்டாவது, கதாபாத்திரத்தின் கடந்த காலத்தையே துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதுவது. இதற்கு 'மறுபடைப்பு'. மறுபடைத்தார், மறுபடைக்கப்பட்டது என்று வினையும் சிக்கலில்லாமல் வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அண்டம் முழுவதும் மறுபடைக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். பெரிய நிறுவனங்களின் முதன்மை அண்டத்தில் அப்படி நடந்ததில்லை. க்ரைசிஸுக்குப் பின் வொண்டர் வுமன் மறுபடைக்கப்பட்டார், டைட்டன்ஸ் அப்படியே தொடர்ந்தது. 2011இல் டிசியின் ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற தொடருக்குப் பிறகும் இதே கதைதான். சூப்பர்மேன் - லோயிஸ் திருமணம் நடக்கவேயில்லை என்றானது. பேட்மேன், கிரீன் லேன்டர்ன் இதழ்கள் மட்டும் பழைய கதைகளைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டன. சூப்பர்ஹீரோக்கள் தோன்றி ஏறக்குறைய ஐந்து ஆண்டுதான் ஆகிறது என்று புதிய அண்டம் சொன்னது. அந்த ஐந்து ஆண்டுக்குள் பேட்மேனுக்கு அடுத்தடுத்து ராபின் என்ற பெயரில் இளம் துணைவர்கள், நான்காவதாக வந்தவன் பத்து வயது மகன் டேமியன். ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்த யாருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பாதி மறுபடைத்து பாதியை வைத்துக்கொண்டால் மாறுகோள் முளைப்பது அந்தத் தையலில்தான். ஆகவே எழுதும்போது யார் மறுபடைக்கப்பட்டார், யார் தப்பினார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

2000இல் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம் தொடங்கிய அல்டிமேட் வரிசை இந்த இரண்டிலும் சேராது. முதன்மை அண்டத்தைத் தொடாமல் பக்கத்தில் எழுப்பிய இன்னொரு அண்டம் அது. 'இணையண்டம்' என்றால் முடிந்தது.

மடல் 5

> ரெட்கானை அப்படியே விட்டுவிடுகிறோம்.

ரெட்கானுக்குப் 'பின்திருத்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அச்சுப் பிழையைப் பிறகு திருத்தியது போல இருக்கிறது. திருத்தம் பின்னால் நடக்கிறது என்பதைவிட, திருத்தப்படுவது முன்கதை என்பதுதான் முக்கியம். வார இதழ்த் தொடர்கதை படித்தவர் எவருக்கும் 'முன்கதைச் சுருக்கம்' தெரியும். ஆகவே 'முன்கதைத் திருத்தம்' என்றால் விளக்கமே தேவையில்லை.

இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஏற்றம்: பழைய கதை எதையும் பொய்யாக்காமல், இடைவெளியில் புதிதாக ஒன்றை நுழைப்பது. கேப்டன் அமெரிக்கா 1945 முதல் பனியில் உறைந்திருந்தார் என்று 1964இல் அவெஞ்சர்ஸ் 4ஆம் இதழ் சொன்னது. ஆனால் 1953-54இல் அவர் கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. அப்போது அந்த உடையில் இருந்தவர் வேறொருவர் என்று 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதினார். பழைய பக்கங்களில் ஒன்றைக் கூடத் தள்ளாமல் மாறுகோள் தீர்ந்தது. இத்தனை சுத்தமான தீர்வு இந்தத் துறையில் அரிது. மாற்றம்: இறந்துவிட்டதாகப் பல பத்தாண்டுகள் நம்பிய, கேப்டன் அமெரிக்காவின் துணைவன் பக்கி 2005இல் உயிரோடு வந்தது. நீக்கம்: 1987இல் நடந்த ஸ்பைடர்மேன் - மேரி ஜேன் திருமணத்தை 2007இல் துடைத்தது.

வாசகர்கள் எரிச்சல்படுவது பெரும்பாலும் நீக்கத்தின்மேல்தான். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும்போது எங்கிள்ஹார்ட் செய்த நல்ல வேலையும் சேர்ந்து திட்டு வாங்குகிறது.

மடல் 6

இரண்டாம் மடல் எழுதியவன் நான். வினையாக்கிப் பார்த்ததில் 'தொடர்ச்சி' தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். 'கதையியைபு' நாக்கில் வழுக்குகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். இயைபு என்று தனியாக எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. பட்டியலாக வைத்துக்கொள்வதைவிட எல்லாச் சொற்களையும் ஒரே பத்தியில் போட்டுப் பார்ப்பது மேல் என்று தோன்றியது:

"1986இல் ஜான் பைர்ன் ஆறு இதழ்களில் சூப்பர்மேனை மறுபடைத்தார். புதிய முன்கதையில் அவர் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை. எதிர்காலத்தின் லீஜியன் குழுவோ சூப்பர்பாயை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது. 1958இல் வந்த முதல் கதையிலிருந்தே அவனோடு பிணைந்தது. லீஜியன் மறுபடைக்கப்படாததால் இரண்டு தலைப்புகளும் இயையவில்லை. இந்த மாறுகோளைத் தீர்க்க 1987இல் ஒரு முன்கதையேற்றம் செய்தார்கள்: லீஜியன் இத்தனை காலம் சந்தித்தது, டைம் ட்ராப்பர் என்ற பகைவன் உருவாக்கிய சிற்றண்டத்தில் வாழ்ந்த வேறொரு சூப்பர்பாயை. இந்த ஒட்டு நிற்கவில்லை. 1994இல் லீஜியனையே மறுபடைத்தார்கள்."

இதில் எந்த இடத்திலும் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. 'சிற்றண்டம்' மட்டும் நான் போகிற போக்கில் போட்டது. பொருத்தமானது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.