பொருள்: ‘சமயவழி நன்னடத்தை’ – ஒரு சொல்லா, இரண்டா?

மடல் 1. ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்தை விட்டு டவுனுக்கும் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) குடிவந்த குடும்பங்களிடம் ஒரு கேள்வித்தாள் கொண்டுபோகிறோம். கேட்கவிருப்பது பழைய கேள்விதான்: சாமி கும்பிடுகிறவர் கும்பிடாதவரைவிட நேர்மையாக, தாராளமாக நடந்துகொள்கிறாரா? மலாய்ப் படிவமும் ஆங்கிலப் படிவமும் தயார். தமிழில்தான் தலைப்பிலேயே வண்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிலீஜியஸ் புரோசோஷியாலிட்டி’ என்கிறார்கள், அதாவது சமயத்தோடு சேர்ந்து வரும், பிறருக்கு நன்மை செய்யும் போக்கு. முதல் வரைவில் ‘சமயவழி நன்னடத்தை’ என்று போட்டோம். எனக்கு அதில் மூன்று உறுத்தல்.

‘நன்னடத்தை’ என்றால் பள்ளிச் சான்றிதழும் ஜாமீனும் நினைவுக்கு வருகின்றன. ‘நன்னெறி’ என்று மாற்றலாமென்றால் அது ஏற்கெனவே ஒரு பாடத்தின் பெயர். முஸ்லிம் அல்லாத நம் பிள்ளைகள் படிக்கும் நன்னெறிக் கல்வி என்றே பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். ‘தர்மம்’ என்றால் இங்கே பிச்சை போடுவதுதான். மலாயில் நன்கொடைக்கு ‘டெர்மா’ என்பதும் அதே சொல் கடல் தாண்டி வந்ததே. ஆகவே இருமொழி வீடுகளில் ‘தர்மம் செய்வீர்களா’ என்று கேட்டால் பதில் உண்டியலைப் பற்றி வரும், அண்டை வீட்டாருக்கு உதவுவதைப் பற்றி வராது.

சொல் வேண்டும். வாரக் கடைசிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

மடல் 2. உளவியல் விரிவுரையாளர், ஈப்போ

டீச்சர், சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒரே பையில் போட்டு முடிந்துவைத்திருக்கிறது. தமிழில் புதிதாக ஆக்கும்போதும் அதே முடிச்சைப் போட வேண்டுமா?

முதல் கேள்வி ஆட்களைப் பற்றியது: பக்தியுள்ளவர், இல்லாதவர் என்று இரு கூட்டத்தை ஒப்பிட்டால் வேறுபாடு உண்டா? இரண்டாவது நேரத்தைப் பற்றியது: யாராக இருந்தாலும் சரி, அந்தக் கணத்தில் கடவுள் நினைவு வந்தால் நடத்தை மாறுகிறதா?

இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. 2007-இல் ஷரீஃப், நோரென்சாயன் என்ற உளவியலாளர் இருவரும் செய்த சோதனையில், கலைத்துப்போட்ட சொற்களை வாக்கியமாக அடுக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த சொற்களுக்கிடையே கடவுள், புனிதம், தீர்க்கதரிசி போன்றவை ஒளிந்திருந்தன. பிறகு ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு வேண்டிய பங்கை விடலாம் என்றார்கள். அச்சொற்களைப் பார்த்தவர்கள் சராசரி 4.22 டாலர் விட்டார்கள், பார்க்காதவர்கள் 1.84. ஆனால் ‘நான் பக்தன்’ என்று சொல்லிக்கொண்டதற்கும் விட்ட தொகைக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. அடுத்த சோதனையில் நீதிமன்றம், போலீஸ், ஒப்பந்தம் போன்ற சொற்களை ஒளித்தபோதும் தொகை ஏறத்தாழ அதே அளவு கூடியது. சாமிக்கு மட்டுமுள்ள வேலை இல்லை போலும். கண்காணிப்பு நினைவு எதுவானாலும் போதும். இந்த முடிவையும் கல்லில் வெட்டி வைக்க வேண்டாம். 2015-இல் கோமஸும் மெக்கல்லோவும் ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்துவைத்து, பெரிய எண்ணிக்கையில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை.

முதல் கேள்விக்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஹோஃப்மன் குழுவினரின் 2014 ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேர். மூன்று நாள், நாளுக்கு ஐந்து முறை கைப்பேசியில் கேட்டார்கள்: கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ செய்தீர்களா, உங்களுக்கு யாராவது செய்தார்களா? சமயத்தாருக்கும் சமயமில்லாதாருக்கும் நற்செயல் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

(இன்னொரு தொல்லை: ‘சமயம்’ என்றால் நமக்கு நேரமும் உண்டு. ‘சமய உதவி’ என்று அச்சிட்டால் ‘சமயத்தில் செய்த உதவி’ என்று படிப்பார்கள். 1973-இல் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒரு சந்து வழியே சொற்பொழிவுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமினார். நேரம் மிச்சமிருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்றார்கள், அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர். பேசப்போகும் பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையாக இருந்தும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அங்கே தீர்மானித்தது இந்தச் சமயமல்ல, அந்தச் சமயம்!)

மடல் 3. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட்

> ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

ஐயா சொல்வது சரி. ஆனால் ஆக்குவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். திருக்குறளில் இதற்கு இரண்டு அதிகாரம் அடுத்தடுத்து இருக்கிறது: 22 ஒப்புரவறிதல், 23 ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்வதற்குரிய உதவி ஒப்புரவு. இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. அதுவல்லாத கொடை எல்லாவற்றுக்கும் 221-ஆம் குறள் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.’ குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. கல்யாணத்தில் மொய் நோட்டு வைத்து எழுதுகிறோமே, அதுதான். உங்கள் கேள்வித்தாளில் மொய்யையும் தானத்தையும் ஒரே வரியில் கூட்டினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

சமயக் கொடையிலும் ஒரு கூறு பிரிக்க வேண்டும். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு உபயம் என்பது பல இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்த வரி. சம்பளத்தில் பிடித்தம் செய்த காலமும் உண்டு. கொடுத்தவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் போகும். அதைத் தாராளம் என்று எண்ணினால் பக்தரெல்லாம் கர்ணன் ஆவார்.

மறுமைக்காகச் செய்வது எது, செய்யாதது எது என்ற பிரிவும் நமக்குப் புதிதல்ல. புறநானூறு 134-இல் ஆய் அண்டிரனைப் பற்றி, ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்று முடமோசியார் பாடுகிறார். குறள் 222 இன்னும் நேராக, ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்கிறது. ஆகவே புரோசோஷியாலிட்டிக்கு ஒப்புரவு. சமயவழி வருவது சமய ஒப்புரவு. தீர்ந்தது.

மடல் 4. மறைக்கல்வி ஆசிரியர், பாகான் செராய்

தீரவில்லை ஐயா. கத்தோலிக்கத் தமிழில் பாவசங்கீர்த்தனத்துக்கு (பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) இன்றைய பெயர் ‘ஒப்புரவு அருட்சாதனம்’. எங்கள் ஆட்களிடம் ‘சமய ஒப்புரவு உங்களுக்கு உண்டா’ என்று கேட்டால், ‘தவக்காலத்தில் போவேன்’ என்பார்கள். வள்ளுவர் கோபிக்க மாட்டார், உங்கள் தரவுதான் கெடும்.

மடல் 5. உளவியல் விரிவுரையாளர், ஈப்போ

கிராணி ஐயா மன்னிக்க வேண்டும். ‘ஒப்புரவு’ எனக்கும் பிடித்தது. ஆனால் இந்தத் தடையைத் தாண்ட முடியாது. கலைச்சொல் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் வேறு பொருள் தந்தால் அந்தக் கூட்டத்தின் பதில் மட்டும் சாயும். நாமோ கூட்டங்களைத்தான் ஒப்பிடப் போகிறோம். அதைவிட நிறமற்ற சொல் மேல்: பிறர்நலச் செயல். அழகில்லை, ஆனால் எந்தப் பூசாரிக்கும் பாதிரியாருக்கும் சொந்தமில்லை.

‘தானம்’ ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். அன்னதானத்தில் புண்ணியம் ஒட்டியிருக்கிறது, இரத்ததானத்தில் உதிர்ந்துவிட்டது. ஒரே சொல் இரண்டு வாடையும் வீசும்போது அளவுகோலுக்கு ஆகாது. குறியெதிர்ப்பையை மட்டும் நான் விடமாட்டேன். திருப்பி எதிர்பார்க்கும் கொடைக்கு அதைவிடக் கச்சிதமான சொல் கிடையாது. அகராதியில் சேர்ப்போம், கேள்வித்தாளில் ‘மொய் நீங்கலாக’ என்று எழுதுவோம்.

இனி அந்த இரண்டு சொற்கள். பக்தியின் அளவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வரும் வேறுபாட்டுக்குப் பற்றளவு வேறுபாடு. இறை நினைவு தூண்டப்பட்டதும் வரும் மாற்றத்துக்கு நினைவூட்டு விளைவு. இரண்டிலும் ‘சமயம்’ இல்லை என்பதால் நேரக் குழப்பமும் இல்லை. முதலாவதில் ‘வழி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ‘சமயவழி’ என்றால் காரணம் சமயம்தான் என்று சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. கோயிலுக்குப் போகிறவருக்கு ஊரில் அறிமுகம் அதிகம், கேட்டு வருகிறவர்களும் அதிகம். கொடை அதனாலும் கூடலாம்.

இந்தப் பிரிவுக்கு நம் ஆட்களிடமே சான்று உண்டு. மொரிஷியஸ் தைப்பூசத்தில் சிகலாடாஸ் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு வழிபாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்கும் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, மறைவில் வேண்டியதைப் போடச் சொன்னார்கள். வழிபட்டவர்கள் போட்டது சராசரி 80 சொச்சம், காவடி எடுத்தவர்கள் 130 சொச்சம். உடன் நடந்து வேதனையைப் பார்த்தவர்களோ 160 சொச்சம்! எல்லாரும் பக்தர்களே. மாறியது அந்த நாளின் அனுபவம். இதில் ஒரு கொக்கி: பணம் போனது கோயிலுக்கு. முன்பின் தெரியாதவருக்கும் அப்படியே போயிருக்குமா என்பதை அது சொல்லாது. அதனால் ‘யாருக்கு’ என்ற கேள்வியில் நம்மவர், அயலார் என்று இரண்டு கட்டம் கட்டாயம் வேண்டும். ‘அகக்குழு, புறக்குழு’ என்பதெல்லாம் நூலுக்கு இருக்கட்டும்.

நம்பாதவரை எப்படி அழைப்பது? ‘நாத்திகர்’ இங்கே 1929-இலும் 1954-இலும் பெரியார் மலாயா வந்துபோன வரலாற்றைச் சுமக்கும் சொல். சிலருக்கு அது பெருமை, பலருக்கு வசை. ‘பகுத்தறிவாளர்’ தன்னைத் தானே மெச்சுகிறது. ‘இறைமறுப்பாளர்’ என்றால் எதிர்த்து நிற்கிறவர். எதிலும் அக்கறையில்லாதவர் அதில் அடங்க மாட்டார். சமயம் சாராதவர் போதும். அதையும் நேராகக் கேட்க வேண்டாம். நம் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் ‘இல்லை’ என்று கட்டம் போட மாட்டார்கள். ‘கடந்த 30 நாளில் எத்தனை முறை?’ என்று வழிபாட்டின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அதுவும் கூடித்தான் வரும். அமெரிக்காவில் ஹேடவே குழுவினர் 1993-இல் தேவாலயத் தலைகளை எண்ணிப் பார்த்தபோது, வாரந்தோறும் போகிறேன் என்று சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதி அளவே அங்கே இருந்தது. நல்ல பெயருக்காக மிகுத்துச் சொல்லும் இந்தச் சாய்வுக்கு மெச்சுநாட்டம் என்று சொல்லலாமா?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சமய வீட்டுப் பிள்ளைகள் ஒட்டுப்படங்களைக் குறைவாகப் பகிர்ந்தார்கள் என்று 2015-இல் வந்த ஆறு நாட்டு ஆய்வு இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நாட்டுக்குக் கொடுத்த 1, 2, 3 என்ற குறியீட்டு எண்ணை உண்மையான அளவெண்ணாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். திருத்தியதும் அந்த முடிவு நிற்கவில்லை. 2019-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. டீச்சர், கணினியில் ஏற்றும்போது தோட்டத்தின் பெயரை எண்ணாக்காதீர்கள்.

மடல் 6. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பாகான் செராய் சாருக்கு நன்றி. நான் தோற்ற இடம் நியாயமான இடம். ‘மெச்சுநாட்டம்’ வேண்டாம், ‘மெச்சும் நாட்டம்’ என்று பிரித்து, மற்றவரை மெச்சுவதாகப் படிப்பார்கள். இங்கே தேடுவது தனக்கு வரும் பெயர். நற்பெயர்ச் சாய்வு என்று போடுங்கள். வல்லினம் மிகும், ‘ச்’ விடாதீர்கள்.

மடல் 7. ஆசிரியை, சுங்கை சிப்புட்

ஏற்றுக்கொண்டவை: பிறர்நலச் செயல், பற்றளவு வேறுபாடு, நினைவூட்டு விளைவு, சமயம் சாராதவர், நற்பெயர்ச் சாய்வு, குறியெதிர்ப்பை (அகராதிக்கு மட்டும்).

வாய்ச்சொல்லை மட்டும் நம்ப முடியாது என்றானபின் ஒரு செயல்முறையும் சேர்க்கிறோம். 2016-இல் பர்சிக்கி குழுவினர் எட்டுச் சமூகங்களில் 591 பேரிடம் நடத்திய நாணய ஆட்டம்தான் அது. தமிழில் இருகிண்ண ஆட்டம் என்று பெயர் வைத்திருக்கிறேன். குறிப்புத்தாளில் வரும் வாசகம்:

‘30 பத்துக்காசு நாணயங்கள். இரண்டு கிண்ணம்: ஒன்று உங்கள் ஊரில் உங்கள் சமயத்தவர் ஒருவருக்கு, மற்றது உங்கள் சமயத்தவரே ஆனாலும் தொலைவூரில் உள்ள முகமறியாத ஒருவருக்கு. ஒரு தாயக்கட்டை, மூன்று பக்கம் கறுப்பு, மூன்று பக்கம் வெள்ளை. ஒவ்வொரு முறையும் முதலில் மனத்துக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு உருட்டுங்கள். கறுப்பு விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் போடுங்கள். வெள்ளை விழுந்தால் மற்றதில் போடுங்கள்.’

நினைத்தது எது என்று யாருக்கும் தெரியாது என்பதால் தனி ஆள் மாட்டமாட்டார். நேர்மையாக ஆடினால் தொலைவூர்க் கிண்ணத்தில் சராசரி 15 விழும். ஒருவருக்கு 12 வந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம், திட்ட விலக்கமே (சராசரியிலிருந்து இயல்பாக ஏறி இறங்கும் அளவு) 2.7 இருக்கிறது. 40 பேரின் சராசரி 14-க்குக் கீழே இறங்கினால்தான் ஐயப்படலாம்.

கெடும் இடங்கள்: கேட்பவர் எதிரே உட்கார்ந்தால் கெடும், ஆகவே திரைக்கு வெளியே நிற்க வேண்டும். கோயில் கமிட்டியார் வீட்டுப் பிள்ளையைக் கேட்க அனுப்பினாலும் கெடும். கோயில் மண்டபம், சமயப் படம் மாட்டிய வரவேற்பறை இரண்டும் ஆகா. தைப்பூச வாரம், ரமலான் மாதம், தவக்காலக் கடைசி வாரம் தவிர்க்க. இல்லையேல் பற்றளவு வேறுபாட்டில் நினைவூட்டு விளைவு கலந்துவிடும். மராகெஷ் கடைக்காரர்களிடம் தொழுகை அழைப்பு காதில் விழும்போது கொடை கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். டவுனில் பள்ளிவாசல் ஒலி எல்லா வீட்டுக்கும் கேட்கும் என்பதால், ஆடிய நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்கத் தாளில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

ஈப்போ சாருக்கு ஒரு கேள்வி மிச்சம். மடல் 2-இல் நீங்கள் சொன்ன பத்து டாலர் சோதனை போல, பணத்தை ஒருவரே விருப்பப்படி பங்கிடும் ‘டிக்டேட்டர் கேம்’ என்பதற்கு ‘சர்வாதிகாரி ஆட்டம்’ என்று எழுதினால் ஆடுகிறவர் முகம் சுளிப்பார். ஒருகைப் பங்கீடு என்றால் பொருள் போகுமா? திங்கள் காலைக்குள் சொன்னால் அச்சுக்கு முன் மாற்றிவிடுவேன்.