நீலகிரி பழங்குடிகளான தோடர்களோட எம்ப்ராய்டரிய ஸ்டூடன்ட்ஸுக்கு காட்டின அனுபவம் இருக்கா? சொல்லுங்க

ஓவிய டீச்சர்:
எட்டாவது பிள்ளைங்கள ஊட்டி பக்கம் ஒரு மந்துக்கு, அதான் தோடர் குடியிருப்புக்கு, கூட்டிட்டுப் போனோம், ஒரு அக்கா வாசல்ல உக்காந்து பூத்துக்குளிக்கு, அதான் அவங்க போத்திக்கிற சால்வைக்கு, பூ வேலை பண்ணிட்டிருந்தாங்க. ஒருத்தி "டிசைன் எங்கக்கா வரைஞ்சிருக்கீங்க"ன்னு கேட்டா. அக்கா நிமிரவே இல்ல, வெள்ளத் துணியில இழைய நகத்தால தள்ளித் தள்ளி எண்ணி ஊசிய விட்டு சிவப்பு நூல இழுத்தாங்க, அவ்ளோதான் பதில். அப்புறம் துணிய திருப்பி சொரசொரன்னு இருக்கிற பக்கத்த காட்டி இதுதான் மேல் பக்கம்னாங்க. பஸ்ல வர்றப்போ அந்தப் பொண்ணு தன் துப்பட்டா இழைய எண்ணிட்டே வந்தா, இன்னும் கண்ணுலயே நிக்குது. அடுத்த வாரம் டி-ஷர்ட்ல எருமைக்கொம்பு டிசைன் ஃபேப்ரிக் பெயின்ட்ல போட வச்சேன், சூப்பரா வந்துச்சு.

குன்னூர் வாசி:
டீச்சர், கோச்சுக்காதீங்க, பெயின்ட் எதுக்கு? எண்ணித் தைக்கிறதுதானே அந்தக் கலையே. இழைய எண்ண வசதியான மேட்டி துணி குடுங்க, பென்சில் குடுக்காதீங்க, சிவப்பு கருப்பு நூல் மட்டும் போதும், ஒரே ஒரு கொம்ப எண்ணிப் போடட்டும். 2013லயே புவிசார் குறியீடு வாங்கின வேலை இது, விக்கிற பொருள்ல அந்த டிசைன போட விடாதீங்க, வேணும்னா தோடர் பெண்கள்கிட்டயே வாங்குங்க. அதோட கதையையும் சொல்லுங்க, பூமிக்குள்ள இருந்து எருமைங்க வரிசையா வந்துச்சாம், கடைசி எருமையோட வாலப் புடிச்சிட்டு வந்தவர்தான் முதல் தோடர்னு அவங்க சொல்லுவாங்க. அந்த எருமை மேஞ்ச புல்வெளியில வாட்டில் மரமும் தைலமரமும் நட்டு நிரப்பிட்டாங்க, அந்த மலையையும் ஒரு தடவ காட்டுங்க, கொம்பு ஏன் துணியில வருதுன்னு அப்பதான் பிள்ளைங்களுக்குப் பிடிபடும். எத்தன ஸ்கூல் வந்தாலும் கேமராதான் வெளிய வருது, வயித்தெரிச்சலா இருக்கு.

ஃபேஷன் ஸ்டூடன்ட்:
எங்க காலேஜ்ல டெமோவுக்கு ஒரு தோடர் பாட்டி வந்தாங்க. எங்க கிளாஸ் பையன் பூத்துக்குளிய ரெண்டு தோளும் மூடி போத்திட்டு போஸ் குடுத்தான். பாட்டி எழுந்து வந்து, ஒண்ணும் பேசாம, அவன் வலது தோள்ல இருந்து துணிய இறக்கி இடது பக்கமா போட்டு விட்டாங்க. கோயில் முன்னாடி வலது தோள திறந்து கும்பிடற வழக்கம் அவங்களுக்கு இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. செத்தவங்களுக்கும் பூத்துக்குளிதான் போத்துவாங்களாம், அதக் கேட்ட பிறகு அவன் அந்த போட்டோவ எங்கயும் போடல.

ஓவிய டீச்சர்:
குன்னூர் வாசி சொல்றது சரிதான், ஆனா நாப்பது பிள்ளைங்க, ஒரு பீரியடு, எண்ணித் தைக்க எங்க நேரம்? இருந்தாலும் அந்தப் பொண்ணுக்கு மட்டுமாவது துணி வாங்கித் தரணும். மேட்டி துணி ஈரோட்டுல எங்க கிடைக்கும்?