மறு: குடும்பப்பெயராக இருந்து இடுபெயரானவற்றுக்குக் கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு,

ஷெர்லி, ஸ்டான்லி போன்ற ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பின்னர் குழந்தைக்கு இடும் பெயர்களாக, அதாவது இடுபெயர்களாக, ஆகிவிட்டன. அவற்றை அகராதியில் எந்தக் கலைச்சொல்லால் குறிப்பது என்ற நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இலக்கணத்திலேயே இருமடியாகுபெயர் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் பொருந்தவில்லை. ஒன்றின் பெயர் அதோடு உறவுள்ள வேறொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர்; அது இருமுறை நடந்தால் இருமடியாகுபெயர். 'புளி முளைத்தது' என்னும்போது சுவையின் பெயர் பழத்துக்கும், பழத்தின் பெயர் மரத்துக்கும் ஆகிறது. மூன்றுக்கும் உள்ள உறவு அறுவதில்லை. ஷெர்லியைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்கீர்' என்றால் ஒளியுள்ள, 'லேஆ' என்றால் காட்டுக்குள் மரம் நீங்கிய வெளி. (ஸ்டான்லி, ஆஷ்லி, வெஸ்லி எல்லாவற்றின் வாலிலும் இதே 'லேஆ'தான்.) டார்பிஷயர், ஹாம்ப்ஷயர், சர்ரே எனப் பல இடங்களில் ஊர்கள் அப்பெயர் பெற்றன. டார்பிஷயர் ஊரில் வேரூன்றிய குடும்பம் ஷெர்லி ஆனது. 1849இல் சார்லட் பிராண்டி எழுதிய 'ஷெர்லி' நாவலில், மகனுக்குக் காத்திருந்த பெற்றோர் ஆணுக்கென வைத்திருந்த அந்தக் குடும்பப்பெயரை மகளுக்கே சூட்டிவிடுகிறார்கள். ஆண்பெயர் பெண்பெயராகத் தொடங்கியது அங்கேதான். 1930களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் புகழால் அமெரிக்காவில் எத்தனையோ பெண் குழந்தைகள் ஷெர்லி ஆனார்கள். அவர்களுக்கும் அந்தக் காட்டுவெளிக்கும் என்ன தொடர்பு? தொடர்பற்றதை ஆகுபெயர் என்றால் நன்னூல் படித்தவர் சண்டைக்கு வருவார், அதுவும் நியாயமாக.

> குடிவழி இடுபெயர்?

கில்ஃபர்ட் டட்லிக்குச் சரியாக இருக்கும். 1554இல் மனைவி ஜேன் கிரேயோடு ஒரே நாளில் தலை வெட்டப்பட்ட அந்த இளைஞருக்குத் தாய் பிறந்த வீட்டின் குடும்பப்பெயரே இடுபெயர். ஆனால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நினைவாகப் பெயர் பெற்றவர்கள் அவர் குடியினர் அல்லர். மேலும், தாத்தா பெயரைத் தாங்குபவனைப் 'பெயரன்' என்று அழைக்கும் நமக்கு, குடிவழி என்றதும் அந்த வழக்கம்தான் மனத்தில் வரும்.

இடத்தை வைத்து 'முன்பெயர்', 'கடைப்பெயர்' என்று பிரிப்பதை அறவே விட்டுவிடலாம். மதராஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லிக்கு அது குடும்பப்பெயர். சென்னை மருத்துவக் கல்லூரி ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. நம் கிறித்தவக் குடும்பங்களில் ஸ்டான்லி இடுபெயர். அந்த ஸ்டான்லியின் மகன் வெளிநாடு போனால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும். முன்னும் பின்னும் எதைக் குறிக்கும்?

என் பரிந்துரை: 'பெயர்ந்த இடுபெயர்'. எங்கே நின்றாலும், உறவு இருந்தாலும் அற்றாலும், வேறு வகையிலிருந்து நகர்ந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. சிலருக்குச் சுவரில் பெயர்ந்த காரை நினைவுக்கு வரலாம். வரட்டும், அதுவும் இருந்த இடத்தை விட்டு வந்ததுதான். இதைச் சுருக்கி 'பெயர்விடுபெயர்' என்று யாரும் ஆக்கிவிட வேண்டாம், பெயரை விட்டவன் போல் ஒலிக்கிறது. 'குடிபெயர் இடுபெயர்' அழகுதான், ஆனால் ஒரு ப் கூடினால் பொருள் மாறிவிடும். நம் அச்சுப்பிழைகளை நம்பி அதைப் புழக்கத்தில் விட முடியாது.

ஜான்சன் போன்றவற்றுக்குத் தந்தைவழி, ஸ்மித்துக்குத் தொழில்வழி, ஷெர்லிக்கு ஊர்வழி என்ற அடைமொழிகளில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். குலப்பெயர் மட்டும் வேண்டாம், சாதி வாடை அடிக்கிறது.

அகராதியில் பதிவு இப்படி அமையும்:

ஷெர்லி: ஊர்வழிக் குடும்பப்பெயர், பின்னர் பெயர்ந்த இடுபெயர் (முதலில் ஆண், 1849க்குப் பின் பெரும்பாலும் பெண்).

மறுப்பிருந்தால் எழுதுங்கள்.